களத்துமேட்டில் ஒரு செயலாளர்: கீழத்தஞ்சையில் கிளைச் சங்கப் பொறுப்பு

நெல்லைக் கூலியாக அளக்கும் ஊரில், மரக்கால் யார் கையில் இருக்கிறது என்பதிலேயே பாதி வழக்கு அடங்கிவிடும். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று வாய்ப்பாடு சொல்லும். எந்த மரக்கால், தலைதட்டி அளப்பதா கூம்பாக விட்டு அளப்பதா, கருக்கா தூற்றிய நெல்லா தூற்றாத நெல்லா என்பதையெல்லாம் வாய்ப்பாடு சொல்லாது. வாங்குவதற்கு ஒன்று, கொடுப்பதற்கு ஒன்று என்று இரண்டு மரக்கால் வைத்திருந்த பண்ணைகளைப் பற்றிக் கீழத்தஞ்சையின் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். 1940களின் நடுவில் களப்பாலிலும் மன்னார்குடியிலும் ஒப்பந்தங்கள் வந்தபோது, சாணிப்பாலும் சவுக்கடியும் நிற்கவேண்டும் என்ற கோரிக்கைக்குப் பக்கத்திலேயே, முத்திரை குத்திய மரக்காலில்தான் அளக்கவேண்டும் என்ற கோரிக்கையும் இருந்தது. முதுகில் விழும் அடியையும் அளவில் விழும் அடியையும் சேரிக்காரர்கள் ஒரே தாளில் எழுதச் சொன்னார்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது ஒரு நாள் வேலை. தாலுகா ஆபீசில் நடக்கும், அதிகாரி இருப்பார், வெளியூர்த் தலைவர்கள் வருவார்கள். அறுவடையன்று களத்துமேட்டில், காரியக்காரர் அளக்கும்போது பக்கத்தில் நின்று, ‘மரக்காலைக் கொஞ்சம் காட்டுங்கள்’ என்று கேட்பது வேறு வேலை. ஒவ்வொரு பட்டத்துக்கும், ஒவ்வொரு களத்துக்கும் அதைச் செய்ய ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நாளைக்கும் அதே மிராசுதாரின் வயலில் இறங்கவேண்டியவர். குடியிருக்கும் மனைகூட அந்தப் பண்ணையுடையதாக இருக்கும். கிளைச் செயலாளர் என்ற பதவி டெல்டாவில் இப்படிப்பட்ட ஓர் ஆளின் தலையில்தான் வந்து உட்கார்ந்தது.

விவசாயத் தொழிலாளர் இயக்க வரலாறுகளில் இவர்களுக்குக் கிடைத்த இடம் குறைவு. தலைவர்களைப் பற்றியும் தியாகிகளைப் பற்றியும் நிறைய எழுதப்பட்டிருக்கிறது, எழுதப்படவேண்டியதும்தான். ஆனால் ஒரு கிளையின் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் ஆண்டு முழுவதும் என்ன செய்தார்கள் என்பது அந்தப் புத்தகங்களின் ஓரத்தில்தான் தட்டுப்படுகிறது. அந்த ஓரங்களைச் சேர்த்துப் படித்தால் எனக்கு ஒன்று தெளிவாகிறது. மிராசுதாரை எதிர்த்து நிற்பது அவர்களுடைய பொறுப்பில் கண்ணுக்குத் தெரிந்த பகுதி. தன் தெருக்காரர்களுக்குள் வேலையைப் பங்கிடுவதும், அவர்களிடம் வாங்கிய காசுக்கும் நெல்லுக்கும் கணக்குச் சொல்வதும் தெரியாத பகுதி. கிளை நின்றதும் விழுந்ததும் பெரும்பாலும் இந்தத் தெரியாத பகுதியில்தான்.

கதை தொடங்குவது 1943இல். கன்னடம் பேசும் குடும்பத்தில் பிறந்த பி. சீனிவாச ராவ் அந்த ஆண்டு கிசான் சபை வேலைக்காகத் தஞ்சைக்கு வந்தார். மன்னார்குடி வட்டத்துத் தென்பரையில் முதல் கிளை அமைந்தது. 1961இல் இறக்கும்வரை அவருடைய வேலைக்களம் இந்த மண்தான். சேரிக்குள் போய், அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே படுத்து, அவர்கள் பேச்சிலேயே பேசினார் என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்வது. நான் கவனிக்க விரும்புவது வேறு. தென்பரையில் நின்றது குத்தகைதாரர் பிரச்சினை. பக்கத்து ஊர்களில் நின்றது பண்ணையாள் பிரச்சினை. இரண்டையும் ஒரே கொடிக்குக் கீழ் வைத்ததால், கிளைப் பொறுப்பாளர் தொடக்கத்திலிருந்தே இரண்டு வகைக் கணக்குத் தெரிந்தவராக இருக்கவேண்டியிருந்தது: விளைச்சலில் வாரம் எவ்வளவு என்பது ஒன்று, நாள்கூலியும் அறுவடைக் கூலியும் எவ்வளவு என்பது மற்றொன்று. குத்தகைதாரரே நடவுக்கு ஆள் வைப்பவர் என்பதால் இந்த இரண்டு கணக்கும் சில சமயம் ஒன்றோடொன்று முட்டும். அந்த முட்டலைத் தீர்ப்பதும் கிளையின் தலையில்தான் விழுந்தது.

பொறுப்பாளர்கள் எங்கிருந்து வந்தார்கள்? வெற்றிடத்திலிருந்து வரவில்லை. டெல்டாவின் சேரித் தெருக்களுக்கு நாட்டாண்மை என்ற ஏற்பாடு முன்பே இருந்தது. கல்யாணம், சாவு, தெருச் சண்டை, கோயில் முறை எல்லாவற்றுக்கும் கூட்டம் கூட்டிப் பேசித் தீர்க்கும் வழக்கம் அது. சங்கம் பல ஊர்களில் இந்தப் பழைய ஏற்பாட்டின் மேல்தான் ஏறி உட்கார்ந்தது. சிவப்புக் கொடி ஏறியபின் தெருக் கூட்டமே கிளைக் கூட்டமாயிற்று. இதில் லாபமும் உண்டு, சிக்கலும் உண்டு. ஒரே சாதி, ஒரே தெரு, ஒரே வேலை என்பதால் கூட்டம் போட நோட்டீசு வேண்டாம். ஒரு குரல் போதும். 1961, 62 வாக்கில் தஞ்சாவூர்ச் சிற்றூர் ஒன்றில் தங்கி ஆய்வு செய்த ஆந்த்ரே பெத்தேலும், 1951இலும் பிறகு 1976இலும் இங்கே களப்பணி செய்த கேத்லீன் கஃபும், சாதியும் கூலி வேலையும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடந்த இந்த நிலையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், நாட்டாண்மை வழிவழியாக வருவது, செயலாளர் தேர்ந்தெடுக்கப்படுபவர். நாட்டாண்மைக்குக் கணக்குக் கேட்டுப் பழக்கமில்லை. செயலாளரைக் கேட்கவேண்டும். ஒரே ஆள் இரண்டுமாக இருந்த ஊரில் எந்தத் தொப்பியைப் போட்டுக்கொண்டு பேசுகிறார் என்பது அவருக்கே சில நேரம் குழம்பியிருக்கும்.

இப்படிச் சேரியிலிருந்து எழுந்தவர்களில் ஒருவரான களப்பால் குப்பு பண்ணையாள் குடும்பத்தில் பிறந்து இயக்கத்தின் முன்னணிக்கு வந்தவர். 1948இல் திருச்சிச் சிறையில் இறந்தார். கம்யூனிஸ்டுக் கட்சி கடும் அடக்குமுறைக்கு ஆளான அந்தக் காலத்தில் பொறுப்பாளர் என்று பெயர் வெளியே தெரிந்தாலே கைது. அப்போது கிளைச் செயலாளரின் வேலை தலைகீழாகிவிட்டது. உறுப்பினர் பட்டியலை எழுதி வைப்பவராக இருந்தவர், அதை ஒளித்து வைப்பவரானார்.

இந்த இடத்தில் சட்டத்தின் கதையைச் சொல்லவேண்டும். அதுவும் ஒரு தமிழ்நாட்டுக் கதைதான். 1918 ஏப்ரலில் பெரம்பூர்ப் பக்கத்து ஆலைத் தொழிலாளர்களுக்காக மதராஸ் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. தலைவர் பி.பி. வாடியா, ஆலைத் தொழிலாளி அல்ல, பிரம்ம ஞான சபைக்காரர். சங்கத்துக்கு அடிபோட்ட செல்வபதி செட்டியாரும் ஆலையில் வேலை செய்தவர் அல்ல. 1920இல் தகராறு முற்றியபோது ஆலையை நடத்திய பின்னி நிர்வாகம் வாடியாவின் மேலும் மற்றவர்கள் மேலும் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடையுத்தரவு வாங்கியது. தொழிலாளர்களை வேலைக்குப் போகாதபடி தூண்டியது ஒப்பந்தத்தை மீறச் செய்த குற்றம் என்பது வாதம். வாடியா சங்கத்தைவிட்டு விலகவேண்டும் என்ற நிபந்தனையோடுதான் வழக்கு முடிந்தது. ஒரு சங்கப் பொறுப்பாளரைத் தனிமனிதராக நிறுத்தி நஷ்டஈடு கேட்கலாம் என்றால் எந்தச் சங்கமும் நிலைக்காது என்பது அன்றைக்கு எல்லோருக்கும் புரிந்தது. மத்திய சட்டசபையில் என்.எம். ஜோஷி தொடர்ந்து வற்புறுத்த, 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. பதிவு பெற்ற சங்கத்தின் பொறுப்பாளர் தொழில் தகராறில் செய்யும் செயலுக்காக இத்தகைய உரிமையியல் வழக்குப் போடக்கூடாது என்று அதன் 18ஆம் பிரிவு சொன்னது பெரம்பூரில் பட்ட அடியின் தழும்பு.

விவசாயத் தொழிலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் சங்கம் சேரும் உரிமையில் வேறுபாடு கூடாது என்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1921ஆம் ஆண்டு ஒப்பந்தத்தை இந்தியா 1923இலேயே ஏற்றிருந்தது. அதாவது தென்பரையில் கொடி ஏறுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, தாளில் பண்ணையாளுக்குச் சங்க உரிமை இருந்தது. தாளில் மட்டும். இங்கிலாந்தில் டால்பட்டில் என்ற ஊரின் விவசாயக் கூலிகள் ஆறு பேர், சங்கத்துக்காக இரகசிய உறுதிமொழி எடுத்தார்கள் என்று 1834இல் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். வயலில் சங்கம் வைப்பவனை எங்கேயும் அரசுகள் ஆலைச் சங்கக்காரனைவிட அதிகமாகவே பயந்து பார்த்திருக்கின்றன. ஆலைக்கு ஒரு வாசல், பூட்டிவிட்டால் முடிந்தது. வயலை எப்படிப் பூட்டுவது?

யார் பொறுப்பாளராகலாம் என்பதைச் சட்டம் கையில் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குத் தஞ்சை மாவட்டத்துக்காரர் ஒருவரின் வாழ்க்கையே சாட்சி. பட்டுக்கோட்டைப் பக்கம் தம்பிக்கோட்டையில் பிறந்த எஸ்.ஏ. கணபதி மலாயாவின் அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்துக்குத் தலைவராக இருந்தார். 1948இல் ஆங்கிலேய அரசு அங்கே சட்டத்தைத் திருத்தியது: அந்தந்தத் தொழிலில் மூன்று ஆண்டு வேலை பார்த்தவர்தான் பொறுப்பாளராகலாம், வெவ்வேறு தொழில்களைச் சேர்த்து சம்மேளனம் வைக்கக்கூடாது. சம்மேளனம் சட்டத்துக்குப் புறம்பானது. கணபதி 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். அதே மலாயா மண்ணில் சங்க வேலை பார்த்துத் திரும்பிய வாட்டாக்குடி இரணியன் 1950இல் தஞ்சை மாவட்டத்தில் போலீசாரின் துப்பாக்கிக்கு இரையானார். பட்டுக்கோட்டை வட்டாரத்தின் கிளைச் சங்கங்களில் மலாயாவின் ரப்பர்த் தோட்ட அனுபவமும் கலந்திருந்தது என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

இந்தியச் சட்டம் அவ்வளவு கடுமையானதல்ல. பொறுப்பாளர்களில் குறைந்தது பாதிப்பேர் அந்தத் தொழிலில் உண்மையாக வேலை செய்பவர்களாக இருக்கவேண்டும் என்று 22ஆம் பிரிவு சொன்னது. 2001ஆம் ஆண்டுத் திருத்தம் ஆலைகளுக்கு இதை இறுக்கியது. அமைப்புசாராத் தொழில்களுக்குப் பழைய பாதிக் கணக்கையே விட்டுவைத்தது. கீழத்தஞ்சையில் இந்தப் பிரிவு சோதிக்கப்படவே தேவையில்லை. தாலுகா அளவில் முழுநேர ஊழியர்கள் வெளியாட்களாக இருக்கலாம். ஊர்க் கிளையில் நாற்று முடியைத் தொடாத கை ஒன்றுகூட இருக்காது. எழுதத் தெரிந்த கை கிடைப்பதுதான் பாடு. சேரிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாத அந்தக் காலத்தில் நாலு வகுப்புப் படித்தவரைத் தேடிப்பிடித்துச் செயலாளராக்குவது இயல்பு. இதனால் பதவிக்கும் அனுபவத்துக்கும் இடையில் ஓர் இடைவெளி விழும். வயசில் மூத்தவர், தெரு மதிக்கும் ஆள் தலைவர். எழுதத் தெரிந்த இளைஞர் செயலாளர். கைச்சுத்தம் என்று பெயரெடுத்தவர் பொருளாளர். ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துப் போனால் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

பொருளாளரிடமிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அவரைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. 2001ஆம் ஆண்டுத் திருத்தம் கிராமத் தொழிலாளிக்குக் குறைந்தபட்சச் சந்தா ஆண்டுக்கு 1 ரூபாய் என்று வைத்தது. மற்ற அமைப்புசாராத் தொழிலாளிக்கு 3 ரூபாய். மற்றவர்களுக்கு 12 ரூபாய். கிளையில் வசூலாகும் அந்தச் சந்தாவில் ஒரு பங்கு ஒன்றியம், மாவட்டம், மாநிலம் என்று மேலே போகும். மிச்சத்தில் கிளை நடக்கவேண்டும். ஆகவே அறுவடைக் காலத்தில் நெல்லாகவும் திரட்டுவார்கள். காசைவிட நெல்லுக்குக் கணக்கு வைப்பது கடினம். காயக் காய எடை குறையும், எலி தின்னும், விற்கும் நாளுக்கு ஏற்ப விலை மாறும். நூறு மரக்கால் வந்து தொண்ணூற்றைந்துதான் விற்றது என்று பொருளாளர் சொன்னால் அது உண்மையாகவும் இருக்கலாம். கூட்டத்தில் கேட்பவருக்குச் சந்தேகமாகவும் இருக்கலாம். சங்கத்தின் கணக்குப் புத்தகத்தையும் உறுப்பினர் பட்டியலையும் எந்த உறுப்பினரும் பார்க்கலாம் என்று 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு சொன்னது. படிக்கத் தெரியாத உறுப்பினருக்கு அந்த உரிமை என்ன பயன் தரும்? வாசித்துக் காட்டுவதுதான் வழி. கூட்டத்தில் வரவு செலவை உரக்க வாசித்துக் காட்டும் பொருளாளர் இருந்த கிளையில் மனத்தாங்கல் குறைவாகத்தான் இருந்திருக்கும்.

ஆண்டுக் கணக்கை அனுப்பாத சங்கத்தின் பொறுப்பாளருக்கு மூலச் சட்டம் விதித்த அபராதம் 5 ரூபாய் வரை. தொடர்ந்து அனுப்பாவிட்டால் வாரத்துக்கு இன்னும் 5 ரூபாய், மொத்தம் 50 ரூபாய்க்கு மேல் போகாது. 1926இல் அது ஒரு தொகை. பிறகு அதைக் கேட்டுப் பயந்தவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். சட்டத்தைவிடத் தெருவின் வாய்தான் பொருளாளரை நேராக வைத்திருந்தது.

செயலாளரின் வேலையில் மிகக் கனமானது ஆள் பிரிப்பது. இதைப் புரிந்துகொள்ள 1952ஆம் ஆண்டுக்குப் போகவேண்டும். 1948இல் மாயவரம் ஒப்பந்தம் வந்தும் பிரச்சினை தீரவில்லை. 1952 ஆகஸ்டில் ராஜாஜி அரசு தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்து, பிறகு அதைச் சட்டமாக்கியது. குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு. பண்ணையாளைக் காரணமில்லாமல் நீக்கக்கூடாது. தகராறுக்குச் சமரச அதிகாரி. ஓர் ஊரில் ஒரு வேலிக்கு, அதாவது 6⅔ ஏக்கருக்கு, மேல் நிலம் வைத்திருந்த மிராசுதாரர்களைத்தான் அது கட்டுப்படுத்தியது. நல்ல சட்டம்தான். ஆனால் நீக்கக்கூடாத பண்ணையாளை வைத்துக்கொள்வதைவிட, அன்றாடம் வேண்டிய ஆளைக் கூலிக்கு அழைப்பது மேல் என்று நிலக்காரர்கள் முடிவு செய்தார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பண்ணையாள் முறை கரைந்து, பெரும்பகுதிப் பேர் தினக்கூலிகளானார்கள்.

இது கிளைச் செயலாளரின் வேலையை அடியோடு மாற்றியது. பண்ணையாளுக்கு ஒரு முதலாளி. தகராறு வந்தால் யாரிடம் போவது என்பது தெரியும். தினக்கூலிக்கு இன்று ஒரு வயல், நாளை ஒரு வயல். யாருக்கு வேலை, யாருக்கு இல்லை என்பதே பெரிய கேள்வியாயிற்று. நிலக்காரர் தனக்குப் பிடித்த பத்துப்பேரை அழைத்து, சங்கத்தில் முன்னால் நிற்கும் இருபது பேரை வீட்டில் உட்கார வைக்கலாம். ஆகவே வலுவான கிளைகள் ஒரு முறையைக் கொண்டுவந்தன: ஆள் வேண்டுமென்றால் கிளையிடம் கேளுங்கள், நாங்கள் அனுப்புகிறோம். குறுவை அறுப்புக்கு நாற்பது பேர் வேண்டும் என்று சொல்லி அனுப்பினால், தெருவில் உள்ள எண்பது பேரில் எந்த நாற்பது என்பதைச் செயலாளர் சொல்லவேண்டும். நேற்றுப் போனவர் இன்று நிற்கவேண்டும். கைக்குழந்தைக்காரிக்குக் கிட்டத்து வயல். வயதானவரை விட்டுவிடக்கூடாது, விட்டால் அவர் பட்டினி. தன் மைத்துனனை முதலில் அனுப்பினார் என்று ஒரே ஒரு நாள் பேச்சு வந்தால் போதும், ஐந்து ஆண்டுக் கிளை ஒரு வாரத்தில் கலையும். போராட்டத்தில் மண்டை உடைந்ததைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. ஆள் பிரிப்பில் சுற்றம் முறைத்துக்கொண்டதை யாரும் பெருமையாகச் சொல்வதில்லை. அந்த இரண்டாவது அடியைத் தாங்கிய செயலாளர்களை நான் கூடுதலாக மதிக்கிறேன்.

ஆள் பிரிப்பின் மறுபக்கம் வெளியூர் ஆள். உள்ளூர்க் கிளை கேட்கும் கூலியைக் கொடுக்க மனமில்லாத நிலக்காரர் பக்கத்து ஊரிலிருந்து ஆள் இறக்குவார். உள்ளூர்க்காரருக்குத்தான் முதல் உரிமை என்று கிளை மறிக்கும். 1960களின் நடுவில் நிலக்காரர்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று தங்களுக்கும் ஒரு சங்கம் வைத்துக்கொண்டபின் இந்த மறிப்பு ஒவ்வொரு அறுவடையிலும் மோதலாயிற்று. அவர்கள் கேட்டது கூலியைக் குறைப்பது மட்டுமல்ல. செங்கொடியை இறக்கு, எங்கள் சங்கத்தில் சேர் என்பதும் சேர்ந்தே வந்தது. கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் நடந்ததைக் கூலி உயர்வுக்கான போராட்டம் என்று சுருக்கிச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. ‘அரைப்படி நெல்’ என்ற சொல்லே அதன் சின்னமாகிவிட்டது. ஆனால் 1968 டிசம்பர் 25 அன்று மாலை நடந்த சம்பவங்களின் வரிசையைப் பாருங்கள். முதலில் உள்ளூர்ச் சங்கத் தலைவர்களில் ஒருவரான முத்துசாமியை நிலக்கிழார் தரப்பினர் பிடித்து அடைத்தார்கள். தெரு திரண்டு போய் அவரை மீட்டது. மோதலில் நிலக்கிழார் தரப்பைச் சேர்ந்த பக்கிரிசாமி இறந்தார். இரவில் துப்பாக்கிகளோடு வந்தவர்கள் தெருவைச் சூழ்ந்தார்கள். இராமையாவின் குடிசையில் ஒடுங்கியவர்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும், 44 பேர் எரிந்து போனார்கள். கிளையை உடைக்கவேண்டுமென்றால் முதலில் அதன் பொறுப்பாளரைத் தூக்கவேண்டும் என்பது எதிர்த்தரப்புக்குத் தெரிந்திருந்தது.

பக்கிரிசாமி கொலை வழக்கில் தொழிலாளர் தரப்பினர் சிறைக்குப் போனார்கள். எரிப்பு வழக்கில் நாகப்பட்டினம் நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார் கோபாலகிருஷ்ண நாயுடுவையும் மற்றவர்களையும் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அரசு அமைத்த கணபதியா பிள்ளை ஆணையத்தின் பரிந்துரைகளை ஒட்டி 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. முதலில் கீழத்தஞ்சை வட்டங்களுக்கு. இதன் பிறகு செயலாளரின் வேலையில் தாள் கூடியது. கூலி குறைவாகக் கொடுத்தார்கள் என்று முறையிடவேண்டுமானால் யார், எந்த வயலில், எந்த நாள், என்ன வேலை, எவ்வளவு அளந்தார்கள் என்பதெல்லாம் வேண்டும். நிலக்காரர் எதையும் எழுதி வைப்பதில்லை. எழுதி வைத்திருந்தால் அது கிளைச் செயலாளரின் நாற்பது பக்க நோட்டில்தான் இருக்கும். ஒரு நோட்டுப் புத்தகம் வழக்கின் போக்கை மாற்றும் என்பதை அந்தத் தலைமுறை நன்றாகக் கற்றுக்கொண்டது.

தலைவர் பதவியைப் பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. கூட்டத்துக்குத் தலைமை, கொடியேற்றம், பேச்சுவார்த்தையில் முன்வரிசை. ஆனால் ஒரு பொறுப்பு முக்கியம்: செயலாளரையும் பொருளாளரையும் உறுப்பினர்கள் கூட்டத்தில் கேள்வி கேட்க விடுவது. நாட்டாண்மை மரபிலிருந்து வந்த தலைவர்களுக்கு இது எளிதாக வரவில்லை. தெருவில் ஒரு பெண் தன் புருஷன் அடிக்கிறான் என்று வந்தால், பழைய நாட்டாண்மையாகத் தீர்ப்புச் சொல்வதா, சங்கத் தலைவராக அவளுக்குத் துணை நிற்பதா?

அங்கேதான் பெண்களின் கேள்வி வருகிறது. நடவும் களையெடுப்பும் பெண்களின் கையில். அறுவடையிலும் அவர்கள் உண்டு. கிளைப் பொறுப்புகளில் அவர்கள் பெயர் அரிது. மணலூர் மணியம்மை என்ற பார்ப்பன விதவை தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டு, வேட்டியும் சட்டையும் அணிந்து, பண்ணையாட்களுக்காகக் களத்தில் நின்று 1953இல் இறந்துபோனார். அவர் வாழ்க்கையைத் தேடித் தொகுத்து நாவலாக்கியவர் ராஜம் கிருஷ்ணன். மணியம்மை போன்ற ஒருவரைக் கொண்டாடுவது எளிது. நடவு வரிசையில் முன்நின்று பாட்டெடுத்துக் கொடுக்கும் பெண்ணைக் கிளைச் செயலாளராக்குவது பல ஊர்களுக்கு நீண்டகாலம் தோன்றவேயில்லை. நடவுக் கூலியைப் பேசி முடிவுசெய்ய ஆண்கள் போனார்கள் என்பதை இன்று எழுதும்போது விசித்திரமாக இருக்கிறது.

பழைய தஞ்சை மாவட்டம் 1991இல் நாகப்பட்டினத்தையும், 1997இல் திருவாரூரையும், 2020இல் மயிலாடுதுறையையும் பெற்றது. சங்க மாவட்டக் குழுக்களும் அதற்கேற்பப் பிரிந்தன. அதைவிடப் பெரிய மாற்றம் வயலில் நடந்தது. அறுவடை எந்திரம் வந்தது. நாற்பது பேரைப் பிரித்து அனுப்பிய செயலாளருக்குப் பிரித்துக் கொடுக்க வேலையே இல்லாமல் போயிற்று. நூறு நாள் வேலைச் சட்டத்தின் முதல் கட்டத்தில், 2006இல், தமிழ்நாட்டில் சேர்ந்த ஆறு மாவட்டங்களில் நாகப்பட்டினமும் ஒன்று. கிளையின் எதிராளி இடம் மாறினார்: மிராசுதார் போய் ஊராட்சி அலுவலகம் வந்தது. வேலை கேட்டு மனுக் கொடுத்தால் தேதியிட்ட ரசீது தரவேண்டும், 15 நாளுக்குள் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி தரவேண்டும் என்பது விதி. ரசீது இல்லாவிட்டால் படி இல்லை. மரக்காலில் முத்திரை கேட்ட அதே மனத்தோடு ரசீதில் தேதி கேட்ட செயலாளர்கள் இருந்த ஊர்களில் சட்டம் ஓரளவு நடந்தது. மற்ற ஊர்களில் செயலாளர்கள் முதியோர் உதவித்தொகைக்கும் நலவாரிய அட்டைக்கும் மனு எழுதிக் கொடுப்பவர்களாக மட்டும் மாறிப்போனார்கள். அதுவும் உதவிதான். ஆனால் மனு எழுதிக் கொடுப்பவரிடம் தெரு கணக்குக் கேட்பதில்லை, நன்றி சொல்கிறது. அந்த நன்றிதான் எனக்குக் கவலை தருகிறது.

டெல்டாவில் கிளைப் பொறுப்பு இன்றும் முழுச் சூட்டோடு இருக்கும் இடம் நேரடி நெல் கொள்முதல் நிலையம். 1972இல் தொடங்கிய தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் நடத்தும் நிலையங்களில் பருவகாலப் பட்டியல் எழுத்தர், உதவியாளர், காவலர், சுமைதூக்குவோர் என்று ஆட்கள். 40 கிலோ மூட்டைக்கு இவ்வளவு என்று சுமைக்கூலி. இங்கே கிளைச் செயலாளரின் முன் இரண்டு கேள்விகள் ஒரே நேரத்தில் வருகின்றன. ஒன்று, நிலையத்தில் யார் சுமைதூக்குவது என்ற முறைப் பட்டியல். பழைய ஆள் பிரிப்பின் புதிய வடிவம். மற்றது, மூட்டைக்கு இவ்வளவு என்று விவசாயிகளிடம் கூடுதலாகக் கேட்கப்படுகிறது என்று ஒவ்வொரு பருவத்திலும் எழும் புகார். கூலி போதவில்லை என்பது தொழிலாளர் தரப்பு. அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் போதாத கூலியைக் கழகத்திடம் பேசி வாங்குவதற்குத்தான் சங்கம். ஏழை விவசாயியின் மூட்டையில் கை வைத்துச் சரிசெய்துகொள்ள விட்டால் செயலாளர் தன் வேலையைச் செய்யவில்லை என்றே அர்த்தம். இதைத் தன் உறுப்பினர் முகத்துக்கு நேரே சொல்லும் செயலாளருக்கு அடுத்த தேர்தலில் பதவி போகலாம்.

சட்டமும் இப்போது மாறிவிட்டது. 1926ஆம் ஆண்டுச் சட்டத்தை 2020ஆம் ஆண்டுத் தொழிலுறவுத் தொகுப்பு தன்னுள் எடுத்துக்கொண்டிருக்கிறது. வயலிலோ பழைய கேள்வி வேறு முகத்தோடு திரும்பியிருக்கிறது. பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் டெல்டாவில் நடவு நடுகிறார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒட்டுமொத்தமாகப் பேசிக்கொண்டு குழுவாக இறங்குகிறார்கள். உள்ளூர் ஆளுக்கே முதல் உரிமை என்று 1960களில் மறித்த கிளைகளின் பேரப்பிள்ளைகள் இன்று திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்க்கிறார்கள். அங்கே அவர்கள்தான் வெளியூர் ஆள். சங்கத்தில் சேர வயது 15 நிறைந்திருக்கவேண்டும், அந்தத் தொழிலில் இருக்கவேண்டும் என்றுதான் பழைய சட்டம் கேட்டது. எந்த ஊர் என்று கேட்கவில்லை. சந்தா 1 ரூபாய். இங்கே நடவு நடும் அந்தக் குழுவின் கூலியில் எவ்வளவு ஏஜெண்டுக்குப் போகிறது, எவ்வளவு நட்டவர் கைக்குப் போகிறது என்று கேட்க யாருக்கு உரிமை இருக்கிறது? அவர்களை உறுப்பினராகச் சேர்க்காத கிளைக்கு நிச்சயமாக இல்லை. சேர்க்கலாமா என்பதைக் கிளைக் கூட்டத்தில் முன்வைக்கவேண்டியவர் செயலாளர். பல ஊர்களில் அந்தத் தீர்மானம் இன்னும் எழுதப்படவில்லை.